மூடியின் உட்பக்கம்

எம்.சி. ரோட்டில் புடவைக் கடைகள் ஷட்டர் தூக்குமுன்
வந்துவிட்டான் செல்வின்.
எண்ணூர் துறைமுகத்தில் கன்டெய்னர் கணக்கு,
கழுத்தில் அடையாள அட்டை, நைட் ஷிப்ட் கண்.
துணிக்குள் துணி, அதற்குள் ஜிப் கவர்,
அதற்குள் ஐம்பதுகளின் சுவிஸ் கடிகாரம்:
பக்கவாட்டில் இரண்டு குமிழ், முகத்தில் மூன்று சின்ன வட்டம்.

"பாய், சர்வீஸ் மட்டும்.
பாலிஷ் போடக் கூடாது.
முள்ளு மாத்தக் கூடாது, பச்சை உதிர்ந்தாலும் சரி.
எது கழட்டினாலும் கவர்ல போட்டு என்கிட்ட குடுத்துடுங்க.
எழுபத்தெட்டாயிரம் பாய்.
பொறந்ததுலருந்து யாரும் கை வைக்காத பீஸ்."

மெயின் ஸ்பிரிங்குக்கு மட்டும் சம்மதித்தான்,
சொந்தப் பல்லைப் பிடுங்கச் சம்மதிப்பவன்போல.

பின்மூடியைத் திருகினேன். லூப்பைக் கண்ணில் இடுக்கினேன்.
மூடியின் உட்பக்கம்
ஊசியால் கீறிய எழுத்துகள்.
எவனோ ஒரு வெள்ளைக்காரன், 1961.
அப்புறம் ஒருவர், ஆண்டு தேய்ந்துவிட்டது.
அதற்குக் கீழே
கொஞ்சம் சாய்ந்தாற்போல் ஒரு ஜ,
11-3-04.

ஜ நான்தான்.

புனிதவல்லி. ஸ்டான்லி ஆஸ்பத்திரி லேப்.
ரத்தம் உறையும் நேரத்தை
இந்த முள்ளை வைத்துத்தான் எழுதுவாள்.
"அழுத்தினா பன்னெண்டுல வந்து நிக்கணும்,
ஒரு விநாடி தள்ளி நிக்குது.
அந்த ஒரு விநாடிக்கு யாருங்க கையெழுத்துப் போடுறது?"
ஒரிஜினல் என்ற சொல்லே
அவள் வாயில் வரவில்லை.

முள்ளைப் பூஜ்யத்துக்கு அடித்து அனுப்பும் சுத்தி
முனை மழுங்கியிருந்தது.
மூர் மார்க்கெட்டில் தேடினேன், பர்மா பஜாரில் தேடினேன்.
என் டிராயரிலேயே இருந்தது:
கஸ்டம்ஸ் ஆபீஸ் ஞானப்பிரகாசம் ரிப்பேருக்குக் கொடுத்து
ஏழு வருஷமாய் வாங்க வராத கடிகாரத்தில்.
நாளைக்கே வந்து நின்றால் என்ற பயத்தோடு
சுத்தியை மட்டும் கழட்டினேன்.
வரவில்லை.
அடுத்த வருஷம் ஒரு சக்கரம்.
அப்புறம் பாலன்ஸ், அப்புறம் கணக்கில்லை.
இன்றைக்கு அவர் வந்தால் கொடுக்க
ஒரு கேஸும் ஒரு வாரும்தான் மிச்சம்.

செல்வின் ஸ்டூலில் டீ குடிக்கிறான்.
மூடியை மறுபடி திருகிவிட்டால்
பேச்சு முடிந்தது.
வெளியே மீன்பாடி வண்டிக்கும் ஆட்டோவுக்கும்
வழி யாருடையது என்று சண்டை.

டிராயரின் அடியில் மாத்திரை டப்பா.
காகித மடிப்பின்மேல் என் எழுத்து: பு.வ. சுத்தி.
அவள் வேண்டாமென்று விட்டுப்போனது.
எதையும் தூக்கிப் போடாதது என் வியாதி,
வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

இருக்கிற சுத்தியைக் கழட்டி
இரண்டையும் வெள்ளைத்தாளில் வைத்தேன்.
எறும்புக் காலளவு எஃகு.
"இது கூடப் பொறந்தது. பூஜ்யத்துக்கு வராது.
இது இன்னொருத்தரோடது. வரும்.
எது போடட்டும்?"

டீ ஏடு கட்டியது.
"இதப் போட்டது யாரு?"
"நான்."
போனில் எதையோ டைப் செய்தான், அழித்தான்.
விற்றவனைத் திட்டினான். அப்புறம் என்னை, வாய்க்குள்.
"ஒரிஜினலையே போடுங்க" என்றான்.
கொஞ்சம் பொறுத்து,
"ஒரு விநாடிதானே பாய்?"

ஒரு விநாடிதான்.

வியாழக்கிழமை வந்தான்.
அழுத்திக் காட்டினேன்.
முள் துள்ளி வந்து, பன்னிரண்டைக் கடந்து
பக்கத்து வீட்டு வாசலில் நின்றது.
முந்நூறு குறைக்கச் சொன்னான், குறைத்தேன்.
கவரில் பழைய ஸ்பிரிங்.
"அந்தச் சுத்தி?" என்றான்.
"அது உன்னோடது இல்லப்பா."

மூடியின் உட்பக்கம் என் பழைய ஜ-வுக்குக் கீழே
ஒரு புதிய ஜ கீறியிருக்கிறேன், தேதியோடு.
அவனிடம் சொல்லவில்லை.
அடுத்துத் திறப்பவர் பார்த்துக்கொள்ளட்டும்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
டிராயரைத் திறந்தேன்.
ஞானப்பிரகாசம் வந்தால் கொடுக்க
ஒரு கேஸ், ஒரு வார்,
ஒரு சுத்தி.