இரண்டாம் பேஸில் நிற்பவன்

ஐந்து பாகங்களாக வந்த தொடர்.
நான்கு என்னிடம் உண்டு.
மூன்றாவதைத் தேடிப் பதினாறு வருடம்
டெய்ட்டனில் பஸ்களுக்கு பிரேக் மாற்றிய கையோடு
சனிக்கிழமைதோறும் ஒஹாயோ முழுக்க அலைந்தேன்:
செத்தவர் வீட்டுச் சாமான் விற்பனைகள்,
சர்ச் நிலவறைகள்,
ஈரநாய் வாடை அடிக்கும் அட்டைப்பெட்டிகள்.

எல்லாம் ஒரே கதைதான், எனக்குத் தெரியும்.
ஏழைப் பையன், பணக்காரப் பையன்,
களவு போன கையுறை,
மழை பிடிப்பதற்குள் ஒரு ஹோம் ரன்.
எழுத்தாளர் பெயர்கூடப் பொய்;
சம்பளத்துக்கு எழுதிய மூன்று பேர்
அந்த ஒரு பெயருக்குள் மாறி மாறிக் குடியிருந்தார்கள்.
"இதற்கா இத்தனை பெட்ரோல்?" என்பாள் லொரெய்ன்.
பதில் தெரிந்திருந்தால்
எப்போதோ விட்டிருப்பேன்.

பிப்ரவரியில் டெரெ ஹோட்டிலிருந்து தொலைபேசி.
பழம்புத்தகம் விற்கும் திருமதி குவிசன்பெரி.
முதுகு நைந்திருக்கிறதாம்.
அட்டையில் பந்தெறியும் பையனுக்கு முகம் தேய்ந்துவிட்டதாம்.
"உள்ளே ஏதோ வாண்டு ஓரமெல்லாம் கிறுக்கியிருக்கிறது.
விலையைக் குறைத்துக்கொள்கிறேன்."
குறைத்தும் ஒரு வாரச் சம்பளம்.
அனுப்புங்கள் என்றேன்.

வந்தது. கூடவே ஒரு சீட்டு:
"உட்கார்ந்து கிறுக்கலையெல்லாம் அழித்துவிட்டேன்.
இரண்டு மாலை பிடித்தது. அதற்குக் காசு வேண்டாம்."

நல்ல மனசு. என்ன சொல்ல?
பக்க மடிப்புகளில் இன்னும்
ரப்பர் துருவல் ஒட்டிக்கொண்டிருந்தது.

இரவு, ஆக்ஸில் விரிசல் பார்க்கும் டார்ச்சைத்
தாளோடு தாளாகச் சாய்த்துப் பிடித்தேன்.
பென்சில் போயிருந்தது, அழுத்தம் போகவில்லை.
பள்ளங்களில் நிழல் இறங்க இறங்க
எழுந்து வந்தான்
எமில் ஷ்ராம், ஃபோர்ட் வெய்ன், ஒன்பதே கால் வயது.

கிறுக்கல் இல்லை அது, கணக்கு.
அவுட்டுக்கு ஒரு கோடு, ரன்னுக்கு ஒரு புள்ளி.
நூற்று எண்பத்தெட்டாம் பக்கம், ஏழாவது இன்னிங்ஸ்:
கோடு இரண்டுதான்.
அதற்குள் எழுத்தாளர் அணியை மாற்றிவிட்டார்.
தாள் கிழிய அழுத்தி எமில் கேட்கிறான்:
"மூன்றாவது அவுட் எங்கே?
ஜெரோம் இரண்டாம் பேஸில்தானே நிற்கிறான்?"

அட்டையின் நிறம், அச்சான ஆண்டு,
பின்னால் எத்தனை விளம்பரத் தாள்,
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
ஒருமுறைகூட
அவுட்டை எண்ணியதில்லை.

கதை முடிகிறது. கோப்பை, பாண்டு வாத்தியம்,
எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள்.
ஜெரோமை யாரும் கூப்பிடவில்லை.
ஒரு கால் பேஸின் மேல்,
மற்றது மூன்றாவதை நோக்கி, மண்ணைக் கிளறியபடி.

காலையில் திருமதி குவிசன்பெரிக்கு எழுதினேன்,
மிகச் சுத்தமாக இருக்கிறது, நன்றி என்று.
பிறகு முதல் பாகத்தை எடுத்து
லொரெய்னிடம் பென்சில் கேட்டேன்.
"அதிலா? அந்தப் புத்தகத்திலா?"

முதல் இன்னிங்ஸ், முதல் அவுட்.
அழுத்தியே போட்டேன்.