காரணம் என்ற கட்டம்

சோகாரில் முந்தாநாள் புழுதிக்காற்று.
குடோன் கூரை முழுக்க ஒரே நிறம்.
இரும்புத் தகடு எது,
வெளிச்சத்துக்குப் பதித்த ஃபைபர் எது,
மேலே நிற்பவனுக்குத் தெரியாது.

பன்னிரண்டரைக்கு வெயில் இடைவேளை.
அதற்குள் நாலு வரிசை திருகு.
பெல்ட் போட்டிருந்தார் இருதயராஜ்.
கொக்கியைத்
தன் இடுப்பு வளையத்திலேயே மாட்டியிருந்தார்,
தன்னைத் தானே பிடித்துக்கொள்வது போல.

கீழே ஏணிக்குக் காவல் நான்.
தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன்.

சடக்.
ஓடிவந்து அண்ணாந்தால்
கூரையில் தொடை வரைக்கும் ஒரு கால்,
சுற்றிலும் திடீரென்று அவ்வளவு வெளிச்சம்.
நான் நின்றிருக்க வேண்டிய இடத்தில்
அவருடைய இரும்புமுனை ஷூ.

காயம்: சிராய்ப்பு.
காரணம் என்ற கட்டம் கட்டைவிரல் அகலம்தான்.
'கவனக்குறைவு' என்றார் சூப்பர்வைசர்.
எழுதினேன்.
யாருடையது என்று அவரும் கேட்கவில்லை.

மறுநாள் ஐந்தரைக்கே
துடைப்பத்தோடு ஏறினார் இருதயராஜ்.
கயிற்றில் கொக்கி மாட்டும் சத்தம்
கீழே வரை கேட்டது.
திருகு வரிசை மேல் மட்டும் கால் வைத்து
ஃபைபர் ஒவ்வொன்றாய்ப் பெருக்கினார்.

ஏணியைப் பிடித்தபடி நின்றேன்.
இருட்டுக் குடோனுக்குள்
ஒன்று, அப்புறம் இன்னொன்று,
விடிந்துகொண்டிருந்தது.