வாங்குகிற தராசு

கோயம்பேட்டில், ஏழாம் நம்பர் கேட்டுக்கு எதிரே
தராசு ரிப்பேர் கடை என்னுடையது.
கடை என்றால் ஒரு மேஜை, ஒரு சால்டரிங் கம்பி,
மழைக்கு ஒரு தார்ப்பாய்.

வெங்காய மண்டி வரதப்பன்
இரண்டு டீயோடு வந்தார்.
"கிலோவுக்கு அம்பது கிராம் தூக்கிக் காட்டணும்.
எல்லாரும் செய்யறதுதான்."
நாலு பட்டனை அமுக்கினால் முடிகிற வேலை.
டீ ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
முடியாது என்று சொன்னேனா, ஞாபகமில்லை.
என் டீக்கு நானே காசு கொடுத்தேன்.

பெரிய கொள்கையெல்லாம் கிடையாது.
அந்த மாசம் வாடகை பாக்கி.
அடுத்த வரிசை சம்பந்தம்
அதே நாலு பட்டனில் பைக் வாங்கினான்.
பொறாமைப்பட்டேன், நன்றாகவே பட்டேன்.
கை மட்டும் போகவில்லை, அவ்வளவுதான்.

ஆடி கழிந்து ஒரு விடியற்காலை
நாசிக் லாரி வந்து நிற்கிறது.
வரதப்பன் ஆள் ஓடி வருகிறான்:
"சரக்கு இறக்கணும்ணே.
வாங்கறதுக்கு உங்க தராசுதான் வேணுமாம்."

சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.
லாரிக்காரன் மராத்தியில் ஏதோ கேட்டான்.
இருபது கிலோ படிக்கல்லை ஏற்றிக் காட்டினேன்.
இருபது.
தலையாட்டிவிட்டுத் தார்ப்பாயை அவிழ்த்தான்.

இப்போது பதினோரு மண்டிக்கு நான்தான்,
வாங்குகிற தராசுக்கு மட்டும்.
பாக்கி இல்லை. பைக்கும் வந்துவிட்டது.
விற்கிற தராசைப் பற்றி
அவர்களும் பேசுவதில்லை,
நானும் கேட்பதில்லை.
கேட்டிருக்கலாம் என்று
சில ராத்திரி,
வீட்டில் அரைக்கிலோ வெங்காயத்தைக்
கையில் தூக்கிப் பார்க்கும்போது
தோன்றும்.