ஏழாம் பக்கம்

வெள்ளகோவிலில் என் ஜெராக்ஸ் கடை.
கருணாம்பிகை மண்ணோடு பிடுங்கிய சோளப்பயிரை
மேசைமேல் வைத்தாள்.
நடுக்குருத்து காய்ந்திருந்தது. இழுத்ததும்
நூல்போலக் கையோடு வந்தது.

"மூணு வருசம் எங்காட்டுல கொடி நட்டு
எண்ணி எண்ணி எழுதிட்டுப் போனாங்க.
என்ன கண்டாங்கன்னு பாத்துச் சொல்லுங்."

கட்டுரை இருந்தது.
ஊர்ப்பெயர்கூட இருந்தது, எழுத்துப் பிழையோடு.
மேலே ஒரு பூட்டுப் படம்:
ஒருநாள் படிக்க நாற்பத்திரண்டு டாலர்.

ரூபாயாக்கிச் சொன்னேன்.
"எங்காட்டு ஈயப் பாக்க
எனக்கேனுங்க டிக்கெட்டு?"

போன ஐப்பசியிலிருந்து
ராச்சோற்றை நிறுத்தியிருந்தாள்,
தனக்கு மட்டும்.
பேனா வாங்க வந்த மகன் சொல்லித்தான் தெரியும்.

எழுதியவருக்கு மின்னஞ்சல் போட்டேன்.
பதினோரு நாள் ஒன்றுமில்லை.
பிறகு "மன்னிக்கவும்" என்று ஒரு வரி,
கூடவே யார் தட்டினாலும் திறக்கும் சுட்டி.

ஏழாம் பக்கத்தில் இருந்தது:
முதல் மழை விழுந்த வாரமே விதை,
கொஞ்சம் கூட்டியே விதை,
காய்ந்த குருத்தைக் களை,
கருவாட்டுத்தூள் வைத்துப் பொறி கட்டு.
ராத்திரியில் தமிழாக்கி நாற்பது பிரதி எடுத்தேன்.
பால் சொசைட்டிச் சுவரில் ஒட்டியதை
எவனோ கிழித்துக்கொண்டு போனான்.
படிக்கத்தான் என்று வைத்துக்கொண்டேன்.

மழை பிந்தியது.
கருவாட்டு வாசத்துக்கு
முதலில் வந்தவை பூனைகள்.
ஆனாலும் முக்கால் காடு கதிர் பிடித்தது.

தையில் வந்தாள்,
தூக்குப்போசியில் சோளச்சோறு.
"நீங்க?" என்றேன்.
"தின்னுட்டுத்தான் வாரேன்" என்றாள்.
நம்பலாமா என்று
முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.