பதினாறுக்குப் பதினாறு

முரசுமோட்டைக் கமக்காரர் அமைப்புக்கு
சிறுபோகத் தண்ணி முறை பார்க்க
ஒரு செயலி எழுதினேன்.
எந்த வாய்க்கால், எத்தனை ஏக்கர், எந்தச் சாமம்,
எல்லாம் பிழையில்லாமல் வந்தது.
செயலாளர் சந்திரபோஸ் திரையைக் குனிந்து பார்த்து
முதலில் கேட்டது:
"மூலையில என்ன தங்கச்சி, இறகு?"

கருவியைச் செய்தவர்கள் விட்டுப்போன நீல இறகு.
நாங்கள் ஒன்றும் வைக்காவிட்டால்
அது வந்து குந்திக்கொள்ளும்.
"எந்தப் பறவையெண்டு நாளைக்கு ஒருத்தன் கேப்பான்.
மாத்திவிடுங்கோ."

என்ன வைப்பதென்று ஒரு கூட்டம்.
வீடு ஒரு கட்சி. சைக்கிள் ஒரு கட்சி.
வீணையைச் சொல்லவே தேவையில்லை.
கார்த்திகைப்பூ என்று யாரோ தொடங்க
பக்கத்திலிருந்தவர்
தேத்தண்ணிக் கோப்பையை மெல்ல நகர்த்திவைத்தார்.
கடைசியில் துருசுக் கதவு.
அதில் யாருக்கும் சண்டை இல்லை,
தண்ணி வரும் நாளைத் தவிர.

பதினாறுக்குப் பதினாறு:
இருநூற்றைம்பத்தாறு பாத்தி.
இரண்டு தூண், ஒரு பலகை, ஒரு திருகுகம்பி.
பலகைக்குக் கீழே நாலு நீலப் புள்ளி விட்டேன்.
எங்கள் துருசு எதுவும் முழுதாக மூடியதில்லை.

விண்டோஸுக்குச் சின்னதும் பெரியதும்
ஒரே பொட்டலத்தில் கட்டிக் கொடுக்கவேண்டும்.
கொடுத்தேன். மூலையில் கதவு நின்றது.
அதே பொட்டலத்தைப் பள்ளிக்கூடத்து லினக்ஸ்
அப்படியொரு படமே இல்லை என்று
கையெறிந்துவிட்டுப் படுத்துவிட்டது.
வேறு கோப்பு, வேறு கட்டளை.
அதற்குப் பிறகும் கீழ்ப்பட்டையில் பல்லுச்சக்கரம்தான்.
யன்னலின் பெயரும் குறிப்புக் கோப்பின் பெயரும்
ஓரெழுத்துப் பிசகாமல் பொருந்தவேண்டுமாம்.
பிசகிய அந்த ஓரெழுத்துக்கு
இரண்டு இரவு, ஒரு நுளம்புச் சுருள்.

ஆலோசகர் தணிகைநாதனின் மக் கணினியில்
யன்னலுக்கு அந்த மூலையே கிடையாது.
அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

விளக்கவுரையின் அடியில் ஒரு வரி இருந்தது.
வைக்கும் கணத்தில் படம் எப்படியோ
அப்படியே எடுத்துக்கொள்ளப்படும்.
பிறகு படம் மாறினாலும்
யன்னலுக்குத் தெரியவராது.

மத்தியானம் சோற்றுப் பார்சல் வாங்க இறங்கினேன்.
ஏ-ஒன்பது வீதியில், கோயிலுக்கு இந்தப் பக்கம்
கொட்டகைக்குள் செல்வமலரம்மா.
மடியில் படம், லாமினேற் உரிந்த மூலை.
"இதில இருபத்திரண்டு" என்றா, நான் கேட்காமலே.
"இப்ப நரைச்சிருக்கும். தேப்பன் வழி,
முப்பதிலயே நரைக்கும் அவையளுக்கு."
வெயில் திரும்ப
படத்தை மற்ற முழங்காலுக்கு மாற்றினா.
பார்சல் என் கையில் சுட்டுக்கொண்டிருந்தது.

பின்னேரம் சந்திரபோஸ் தொலைபேசியில்:
"நல்லாயிருக்கு. ஒண்டு கேக்கட்டோ,
தண்ணி விடுற நாளில
கதவு திறந்தமாதிரிக் காட்டேலாதோ?"

"ஏலும் அண்ணை.
ஆனா அது தானா மாறாது.
ஒவ்வொருமுறையும் நாங்கள்தான்
திரும்ப எடுத்து வைக்கவேணும்."

கொஞ்சநேரம் பேச்சில்லை.
பின்னால் ஒரு லாண்ட்மாஸ்டர் இரைந்து போனது.
"அப்ப வையுங்கோ" என்றார்.
"பதினைஞ்சாந் திகதி திறக்கினம்."