சின்ன வட்டம்

பிலாக்ஸி. கடலோரத்தில்
கடலைப் பார்க்க ஜன்னலில்லாத கேசினோ.
இரவு இரண்டரைக்கு என் மேஜையில் ஒருவர் மட்டும்:
ஆல்சிட் லாட்னர்,
இறால் படகுகளுக்கு எஞ்சின் பார்ப்பவர்,
நகக்கண்ணெல்லாம் டீசல்.

பெரிய வட்டத்தில் இருபத்தைந்து டாலர்.
பக்கத்துச் சின்ன வட்டத்தில் ஐந்து,
முதல் இரண்டு சீட்டும் ஜோடி சேரும் என்று.

சேரும். ஏன் சேராது?
ஆறு கட்டு. ஆர்ட்டின் ராணி ஒருத்தி விழுந்துவிட்டாள்.
மிச்சம் முன்னூற்றுப் பதினொன்றில்
அவளை உரித்து வைத்தவர்கள் ஐந்தே பேர்.
நிறம் மட்டும் ஒத்தவர்கள் ஆறு,
ராணி என்ற பேருக்குப் பன்னிரண்டு.
மற்றதெல்லாம் யாரோ எவரோ.

இருபத்தைந்து மடங்கு, பன்னிரண்டு, ஆறு என்று
பச்சைத் துணியில் தங்க எழுத்து.
எழுதாமல் விட்டது:
முன்னூற்றுப் பதினொரு டாலர் வைத்தால்
பத்தொன்பது வீட்டுக்கு.
இந்த வீட்டில் யாரும் குடியில்லை,
வாடகை மட்டும் தவறுவதில்லை.

சொல்லக் கூடாது.
கூரையில் கறுப்புக் கண்ணாடிக் கண்.

மூன்று மணிக்குச் சேர்ந்தது.
ஸ்பேடு ஏழு, ஸ்பேடு ஏழு.
நூற்று இருபத்தைந்தைத் தள்ளினேன்.
"பார்த்தாயா வெர்லீன்!"
பார்த்தேன். பத்து மணியிலிருந்தே பார்க்கிறேன்.

ஒரு ஐந்து டாலர் சிப்பை எடுத்து
"இது உனக்கு" என்றார்.
உனக்கு என்றால் கையில் இல்லை;
சின்ன வட்டத்தில், தன்னுடையதை ஒட்டி.
பாலத்துக்கு அந்தப் பக்கம்
எனக்கும் ஒரு வீடு.
பெட்ரோல் காசு அது.

நன்றி சொல்லிச் சீட்டை விட்டேன்.
கிளாவர் ஒன்பது.
டைமன் நான்கு.

அவருடையதையும் என்னுடையதையும்
ஒரே வாரலில் வாரினேன்.
கை நடுங்கவில்லை,
பழகிய கை.