ரு என்று ஓர் உத்தரம்

முதலில் எம்.ஆர்.டி. சுரங்கத்தைத்தான் சந்தேகித்தோம்.
ஜாலான் புசார் பக்கம் எந்தச் சுவர் வெடித்தாலும்
பழி, பூமிக்கடியில் போகும் ரயிலுக்கு.

பங்குக் குழு கொடுத்த கோப்பில் ஒரு பென்சில் படம்.
பாதிரியார் மொரெல் வரைந்தது,
கப்பலில் என்று நினைக்கிறேன், கோடுகள் ஆடுகின்றன.
அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயில்:
ஓவேர்ன் மலையில் நானூறு பேர் வாழ்ந்த ஊர்,
எரிமலைக் கருங்கல்,
ஏதோ ஒரு சண்டையில் எரிந்துபோய்
காசில்லாமல் ஒல்லியாகத் திரும்பக் கட்டிய
கோபுரத்தின் மேல்பாதி.
அதையும் விடாமல் வரைந்திருக்கிறார்.
இங்கே விடாமல் கட்டிவிட்டார்கள்.
பாதியில் தோள் சுருங்கும் நம் கோபுரம்
எரியாமலே தீத்தழும்போடு பிறந்தது.

கூரைச் சரிவு, பனி வழுக்கி விழ.
உதைசுவர் பக்கத்துக்கு ஏழு,
கல்வளைவின் தள்ளலை வாங்கிக்கொள்ள.
கல்வளைவே இல்லை என்பது
மேலே போனால்தான் தெரியும்.

மேலே போவதென்றால்
மணிக்கூண்டு ஏணி, பூனை நுழையும் அளவுக்கு ஒரு கதவு,
ஹெல்மெட்டைக் கழற்றி முன்னால் தள்ளிவிட்டு நான்,
பின்னால் ஸ்கேனரோடு அடைக்கலம்,
புதுக்கோட்டைக்காரன், வந்து ஏழு மாதம்.

கீழிருந்து பார்த்தால் கல் விரிந்த பனையோலை.
மேலிருந்து: மரச்சட்டம், சுண்ணாம்புப் பூச்சு, ஓரங்குலம்.
அங்கே வளைவு தன்னைத் தானே தாங்கும்.
இங்கே பாலாவ் மர உத்தரத்தில் கம்பி கட்டி
வௌவால்போலத் தொங்குகிறது,
நூற்றிருபது வருடமாக.
வெளியே பதினான்கு உதைசுவரும்
வராத தள்ளலுக்குத் தோள் கொடுத்தபடி.

அடைக்கலம் டார்ச்சைத் தாழ்த்தினான்.
'அக்கா, யாரோ பேர் செதுக்கியிருக்காங்க.'
உத்தரத்துக்கு ஓர் உளிக்கீறல்.
க. உ. புரியாத ஒரு சுருள். ச.
அப்புறம் சு. அப்புறம் ரு.

ரு.
அதில்தான் நின்றேன்.
ரகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது.
உயர்நிலை இரண்டில் ஒரு மதிப்பெண் இழந்து கற்றது.
ராமன்கூட ஓர் இகரத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான்
உள்ளே வருவான்.
அப்படியானால் இது பேரில்லை.

எண்.

பீடத்துப் பக்கமிருந்து மறுபடி தவழ்ந்து எண்ணினோம்:
௧ ௨ ௩ ௪ ௬ ௫ ௭

தரையில் அறுத்து, பொருத்திப் பார்த்து,
குறிபோட்டுப் பிரித்து, கயிறு கட்டி ஏற்றியவர்கள்
(எந்தக் கப்பலில் வந்தவர்கள், யார் கணக்கில் கூலி,
கோப்பில் ஒரு வரி இல்லை)
ஐந்தையும் ஆறையும் மாற்றி மாட்டிவிட்டார்கள்.
மழை பிடித்திருக்கும்.
கப்பியை அன்றே திருப்பித் தரவேண்டியிருந்திருக்கும்.
ஒன்று முக்கால் அங்குலம் குட்டை.
ஓர் ஆப்பு அடித்துச் சரிக்கட்டியிருக்கிறார்கள்.
ஆப்பு இன்னும் இருக்கிறது.
விரிசல் அதற்கு நேர் கீழே.

ரயில் பாவம்.

ரிப்போர்ட்டில் 'காரணம்' என்ற கட்டத்துக்குள்
அந்த எண்ணை அடித்தால் வெறும் சதுரம் விழுகிறது.
மென்பொருளுக்கு அது யாரென்று தெரியவில்லை.
நேற்றுவரை எனக்கும்.

அன்று மாலை நாங்கள் இறங்குவதற்குள்
கீழே மாண்டரின் பூசை தொடங்கிவிட்டது.
ஏணி கிறீச்சிடும்.
ஆறுக்கும் ஐந்துக்கும் நடுவில்
சட்டத்தின்மேல் குப்புறப் படுத்தோம்.
ஓரங்குலச் சுண்ணாம்புக்கு அந்தப் பக்கம்
முந்நூறு பேர் எழுந்தார்கள், முழந்தாளிட்டார்கள்,
யாரோ ஒரு குழந்தை மட்டும் இடைவிடாமல் எதையோ உருட்டியது.

அடைக்கலத்துக்குத் தும்மல் வந்தது.
ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டான்.
மறுகையால், ஏனென்று அவனுக்கே தெரியாது,
ஆப்பை.